ஏடிடைனி85: ரீசெட் கால் வழியாக டீபக்கிங்

ஏடிடைனி85 என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு மொத்தமே எட்டுக் கால்கள். மின்சாரத்துக்கு இரண்டு, ரீசெட்டுக்கு ஒன்று போக மிச்சம் ஐந்து. என் செடித்தொட்டி ஈரமானியில் அந்த ஐந்தும் தீர்ந்துவிட்டன, நிரலோ சில நேரம் ஓடும், சில நேரம் அப்படியே நின்றுவிடும். சீரியலில் ஏதாவது அச்சிட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்குக் கால் இல்லை. அதனால்தான் டீபக்வயர், அதாவது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேட சிப்பிலேயே இருக்கும் வசதி.

ரீசெட் காலே இதில் போக்குவரத்துக்கு ஒற்றைக் கம்பியாகிவிடும். வேகம் சிப்பின் கிளாக்கில் 128-இல் ஒரு பங்கு, அதாவது 8 மெகாஹெர்ட்ஸில் 62,500 பாட். சிப்பை உருவாக்கிய அட்மெல் இந்த நெறிமுறையை வெளியிடவே இல்லை, ஆர்வலர்கள்தான் கம்பியில் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்த உழைப்பின் மேல் பெர்ன்ஹார்ட் நெபல் எழுதிய டிடபிள்யூ-லிங்க், ஒரு சாதாரண ஆர்டுயினோ ஊனோவையே டீபக்கராக மாற்றிவிடுகிறது. அதன் 8-ஆம் காலிலிருந்து ஏடிடைனியின் ரீசெட்டுக்கு ஒரு கம்பி, கணினியில் பிழை தேடும் மென்பொருளான ஜிடிபி, அவ்வளவுதான். ரீசெட்டில் கெப்பாசிட்டர் இருந்தால் மட்டும் கழற்றிவிட வேண்டும், இருந்தால் துடிப்புகள் மழுங்கிப்போகும். ரீசெட்டை உயர்நிலையில் வைத்திருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 10 கிலோஓமுக்குக் குறையக் கூடாது.

நிரல் நின்றதும் ஜிடிபியில் நிறுத்திப் பார்த்தேன். ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) தன் மாற்றத்தை முடிக்கும்வரை காத்திருக்கும் சுழற்சியில் அது மாட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மாற்றம் முடிந்ததும் இன்டரப்ட் ஏற்றிவைக்கும் கொடியை (முடிந்ததைக் குறிக்கும் மாறியை) நினைவகத்தில் பார்த்தால் அது ஏற்கெனவே 1! அசெம்பிளியைத் திறந்ததும் விஷயம் புரிந்தது: அந்த மாறி வோலடைல் (எப்போது வேண்டுமானாலும் மாறலாம்) என்று அறிவிக்கப்படாததால் கம்பைலர் அதை ஒருமுறை ரெஜிஸ்டருக்கு எடுத்ததோடு சரி, அதன்பின் ரெஜிஸ்டரையே சோதித்துக்கொண்டிருக்கிறது. ஏடிசிக்கு 125 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கில் ஏறக்குறைய 104 மைக்ரோசெகண்ட் ஆகும். இடையில் நிரல் செய்யும் எல்இடி வேலை அதைவிட நீண்டால் கொடி முன்பே ஏறியிருக்கும், நிரல் கடந்துபோகும், இல்லையென்றால் அங்கேயே நிற்கும். சில நேரம் மட்டும் நின்றதற்குக் காரணம் இதுதான். சீரியல் அச்சு இருந்திருந்தாலும் அந்தத் தாமதமே இதை மறைத்திருக்கும், அதனால் கம்பைலர் அமைப்பு எதையும் தொடாமல் உள்ளதை உள்ளபடி நிறுத்திப் பார்க்க முடிந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

வன்பொருள் பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்தும் இடம்) ஒன்றே ஒன்றுதான். அதற்கு மேல் வைத்தால் நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே பிரேக் கட்டளையை எழுத வேண்டும், ஃபிளாஷின் ஆயுளோ 10,000 முறை எழுதும் அளவுதான். அதனால் கைக்கு வந்தபடி வைக்காமல் யோசித்து வைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. வேலை முடிந்ததும் டீபக்வயரை இயக்கும் டிடபிள்யூஇஎன் ஃபியூஸை (சிப்பின் அமைப்பு பிட்டை) மறக்காமல் அணைத்துவிடுங்கள். அது இயக்கத்தில் இருக்கும்வரை ஐஎஸ்பி நிரலேற்றம் (சிப்பைக் கழற்றாமலே நிரல் ஏற்றும் வழக்கமான முறை) நடக்காது. தூக்க நிலையிலும் கிளாக்கின் சில பகுதிகள் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரியில் ஓடும் ஈரமானிக்கு அது கட்டுப்படியாகாது. அணைக்கும் முறை: முதலில் டீபக்வயர் வழியாகவே தற்காலிகமாக வெளியேறும் கட்டளை, பிறகு மின்சாரத்தைத் துண்டிக்காமல் ஐஎஸ்பியில் ஃபியூஸை மாற்றுவது. டிடபிள்யூ-லிங்க்குடன் ஐஎஸ்பி கம்பிகளையும் இணைத்திருந்தால் இரண்டையும் அதுவே செய்துவிடும்.