லித்தியம் எவ்வளவு?

என் சித்தப்பா பதினெட்டு ஆண்டுகளாக லித்தியம் கார்பனேட் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வருவது என் பொறுப்பு. சீட்டைக் கையில் வாங்கியதும் என் கண் ஒரே எண்ணைத்தான் தேடும். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் நிம்மதியாக வீடு திரும்புவேன். அதற்குக் கீழே இறங்கினால் மருந்தின் பலன் குறையும். 1.5ஐத் தாண்டினால் கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என நச்சின் அறிகுறிகள் தலைகாட்டும். பயனுக்கும் நஞ்சுக்கும் இவ்வளவு குறைந்த இடைவெளி உள்ள மருந்துகள் சிலவே.

சென்ற கோடையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கால் அவர் சோர்ந்து கிடந்தபோது அந்த எண் 1.3க்கு ஏறிவிட்டது. மாத்திரையின் அளவு மாறவே இல்லை. சிறுநீரகம் லித்தியத்தைப் பெரும்பாலும் சோடியத்தைப் போலவே கையாள்கிறது. உடலில் நீரும் உப்பும் குறையும்போது சோடியத்தை இழக்காமல் மீட்டுக்கொள்ள அது முயல்கிறது. அந்த முயற்சியில் லித்தியத்தையும் சேர்த்து மீட்டுவிடுகிறது. உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, மூட்டுவலிக்கு இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளைக் கேட்காமல் விழுங்கக் கூடாது என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் காரணம் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் கற்பிக்கும் நான் அதுவரை லித்தியத்தை ஒரு பாடமாக மட்டுமே அறிந்திருந்தேன்.

மனம் கட்டுமீறிக் கிளர்ந்தெழும் மனவெறி நோய்க்கு லித்தியம் தரும் இன்றைய மருத்துவத்தைத் தொடங்கி வைத்தவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்றாண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்து நாடு திரும்பியவர். மனவெறி நோய்க்கு உடலில் சுரக்கும் ஏதோ ஒரு நச்சுப்பொருளே காரணம் என்று அவர் கருதினார். நோயாளிகளின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். யூரிக் அமிலத்தின் பங்கை ஆராய அதன் எளிதில் கரையும் உப்பு தேவைப்பட்டதால் லித்தியம் யூரேட்டைத் தேர்ந்தெடுத்தார். கினிப்பன்றிகளை அமைதிப்படுத்தியது யூரேட் அல்ல, லித்தியமே என்பது அதன் பிறகுதான் புலப்பட்டது. கருதுகோள் தவறு, கினிப்பன்றிகள் அடங்கிக் கிடந்ததற்குக்கூட நச்சின் தொடக்கமே காரணமாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தவர் பலர் கருதுகிறார்கள். ஆயினும் அந்த உப்பை முதலில் தானே உட்கொண்டு பார்த்துவிட்டு, 1948 மார்ச் 29 அன்று, பல ஆண்டுகளாக மனவெறியில் தவித்த ஒரு நோயாளிக்கு அவர் கொடுத்தார். சில வாரங்களில் அம்மனிதர் தெளிந்தார். சில மாதங்களில் வீடு திரும்பினார். 1949இல் வெளிவந்த கேடின் கட்டுரையில் அவரே முதல் நோயாளி. 1950இல் லித்தியத்தின் நச்சால் இறந்தவரும் அவரே. கேட் கண்டுபிடித்தது மருந்தை. அதை இரத்தத்தில் அளக்கும் எளிய வழி அப்போது மருத்துவமனைகளில் இருக்கவில்லை.

அந்த வழியைத் தந்தது சுடர் ஒளிமானி. லித்தியம் உப்பைச் சுடரில் காட்டினால் கருஞ்சிவப்பு தோன்றும். ஆய்வக வகுப்பில் மாணவர்கள் மிகவும் விரும்பிப் பார்க்கும் சோதனைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சிவப்பின் அலைநீளம் ஏறத்தாழ 671 நானோமீட்டர். இரத்தத்தின் நீர்மப் பகுதியைச் சுடரில் தெளித்து, அந்த ஒளி எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று அளந்தால் லித்தியத்தின் அளவு தெரிந்துவிடும். டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகென்ஸ் ஷோ 1954இல் நடத்திய மருத்துவ ஆய்வும், அதன் பின் அவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த பணியும் இந்த மருந்தை நம்பத்தக்கதாக்கின. அமெரிக்கா 1970இல்தான் அனுமதித்தது.

விண்மீன்களில் லித்தியத்தை அளப்பதும் இதே சிவப்புக் கோட்டைக் கொண்டுதான். சுடரில் ஒளிக்கோடாகத் தெரிவது விண்மீனின் நிறமாலையில் கறுப்புக் கோடாகத் தெரிகிறது. மற்றபடி அலைநீளம் ஒன்றே. கேடின் நோயாளி முதல் வேளை மருந்தை உட்கொண்ட மூன்றாம் நாள், அதாவது 1948 ஏப்ரல் 1 அன்று, இயற்பியலாளர்களான ரால்ஃப் ஆல்ஃபரும் ஜார்ஜ் காமோவும் ஹான்ஸ் பேத்தவின் பெயரையும் சேர்த்து வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை, பேரண்டத்தின் தொடக்க வெப்பத்திலேயே தனிமங்கள் உருவாயின என்று வாதிட்டது. எல்லாத் தனிமங்களும் அப்படி உருவாகவில்லை என்பது பிறகு தெளிவாயிற்று. நிறை எண் 5, 8 ஆகியவற்றில் நிலையான அணுக்கரு இல்லாததால் அந்தக் கட்டுமானம் ஹீலியத்தைத் தாண்டிச் சிறிதே முன்னேறி, மிகக் குறைந்த அளவு லித்தியத்துடன் நின்றுவிட்டது. அந்த லித்தியத்தின் பெரும்பகுதியும் முதலில் பெரிலியம்-7 ஆகப் பிறந்து, பின்னர் எலக்ட்ரானைக் கவர்ந்து லித்தியம்-7 ஆக மாறியது.

கோட்பாட்டின்படி ஆயிரம் கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ 5 லித்தியம் அணுக்கள் இருக்க வேண்டும். 1982இல் பிரான்சுவா ஸ்பீட், மோனிக் ஸ்பீட் என்ற பிரெஞ்சு வானியலாளர் தம்பதியர் நம் பால்வீதியின் மிகப் பழைய விண்மீன்களை ஆராய்ந்தபோது அவற்றில் லித்தியம் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதைக் கண்டனர். இன்றைய கணக்கில் அது ஒன்றரையைச் சற்றே தாண்டுகிறது. எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு. கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கும் ஹீலியத்துக்கும் இதே கோட்பாடு சரியான விடையைத் தருகிறது என்பதால் இந்தப் பிழையை ஒதுக்கிவிட முடியவில்லை. பெரிலியம்-7ஐ அழிக்கும் வினைகளைச் ஜெனீவா அருகேயுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் நியூட்ரான்களைக் கொண்டு அளந்து பார்த்தார்கள்; குறை அங்கே இல்லை. விண்மீனின் மேற்பரப்பிலிருந்து லித்தியம் மெல்ல உள்ளே அமிழ்ந்து, ஏறத்தாழ 25 லட்சம் டிகிரி வெப்பத்தில் எரிந்துபோகிறது என்ற விளக்கத்தையே நான் அதிகம் நம்புகிறேன். பழைய விண்மீன்கள் கோளமாகத் திரண்டிருக்கும் ஒரு கோளக் கொத்தின் விண்மீன்களில் 2006இல் கிடைத்த அளவீடுகள் அதற்குச் சாதகமாக உள்ளன. ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை.

லித்தியம் மின்கலத்தின் கதை பலரும் அறிந்தது என்பதால் அதில் அளவு சார்ந்த ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். எடையில் மிகக் குறைந்த உலோகமான லித்தியம் எலக்ட்ரானை விட்டுவிட மிகவும் துடிக்கிறது. அதனால்தான் 1970களில் வேதியியலாளர் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உலோக லித்தியத்தையே ஒரு முனையாக வைத்தார். மீண்டும் மீண்டும் மின்னேற்றியபோது லித்தியம் ஊசிகளாக வளர்ந்து இரு முனைகளையும் இணைத்துத் தீப்பிடித்தது. 1980இல் ஜான் குடினஃப் குழு ஆக்ஸ்ஃபோர்டில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி 4 வோல்ட்டை எட்டியது. அகிரா யோஷினோ எதிர் முனையில் உலோகத்துக்குப் பதில் கரியை வைத்தார். 1991இல் அது சந்தைக்கு வந்தது. அந்த ஆக்சைடின் அடுக்குகளிலிருந்து ஏறத்தாழ பாதி லித்தியத்தை மட்டுமே பாதுகாப்பாக வெளியே எடுக்க முடியும். மேலும் எடுத்தால் அடுக்குகள் குலைந்து ஆக்சிஜன் வெளியேறத் தொடங்கும். நம் கைப்பேசியின் மின்னேற்றம் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டில் தானாகவே நின்றுவிடுவது இந்த எல்லையைக் காப்பதற்காகத்தான்.

குடினஃப்புடன் 1980களில் இணைந்து உழைத்த ஆறுமுகம் மந்திரம் தென் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். ஆக்சைடுக்குப் பதிலாகச் சல்பேட் போன்ற தொகுதிகளை வைத்தால், விலை குறைந்த இரும்பிலிருந்தும் 3.6 வோல்ட் பெறலாம் என்று இருவரும் காட்டினர். இன்று மின்வண்டிகளில் ஓடும் இரும்பு பாஸ்பேட் மின்கலம் அந்த வழியில் வந்ததே. 2019இல் 97 வயதில் நோபல் பரிசு பெற்ற குடினஃப்பின் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் மந்திரம். அதே நகரில்தான் 1817இல் ஆர்ஃப்வெட்சன் என்ற சுவீடன் வேதியியலாளர் ஊட்டோ தீவின் கல்லொன்றைப் பகுத்து லித்தியத்தைக் கண்டறிந்திருந்தார்.

கரிமுனையில் ஒரு லித்தியத்துக்கு ஆறு கார்பன் அணுக்களைச் சுமக்க வேண்டியிருப்பதால், எடைக்கு எடை பார்த்தால் அதன் கொள்ளளவு உலோக லித்தியத்தில் பத்தில் ஒரு பங்குதான். எனவே ஆராய்ச்சி மீண்டும் உலோகத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது, பழைய ஊசிகளும் கூடவே வந்திருக்கின்றன. மூடிய மின்கலத்துக்குள் லித்தியம் எங்கே குவிகிறது என்று பார்க்க ஒரு குழுவினர் நியூட்ரான்களை உள்ளே செலுத்துகிறார்கள். லித்தியம்-6 நியூட்ரானை விழுங்கி ஓர் ஆல்ஃபா துகளையும் ஒரு டிரைட்டியம் கருவையும் உமிழ்கிறது. அவை வெளியே வருவதற்குள் எவ்வளவு ஆற்றலை இழந்திருக்கின்றன என்பதை அளந்து, எந்த ஆழத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று கலத்தைத் திறக்காமலேயே சொல்லிவிடுகிறார்கள்.