தவணைக்குத் தவணை: குற்றவியல் படிக்கும் ஒருத்தியின் நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 3, திங்கள்

லொம்புரோசோவை இன்றைக்கு ஒரே விரிவுரையில் முடித்தார்கள். அதற்கு மேல் அவருக்குத் தேவையும் இல்லை. 1876 இல் இத்தாலிய வைத்தியரான அவர், கைதிகளின் மண்டையோட்டையும் தாடையையும் காதையும் அளந்து, குற்றவாளி பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறான் என்று எழுதினார். 1913 இல் இங்கிலாந்தில் கோரிங் என்பவர் ஆயிரக்கணக்கான கைதிகளை அளந்து மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனி உடலமைப்பே கிடையாது என்று காட்டினார். ஆய்வுலகில் கதை அதோடு முடிந்தது. ஊரில் முடியவில்லை. "கள்ள முழி முழிக்கிறான்" என்று ஒரு பெடியனைப் பற்றி யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த ஒழுங்கையில் எந்தச் சைக்கிள் காணாமல் போனாலும் முதலில் அவன் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள்.

எனக்குப் பிடித்தவர் பெக்காரியா. லொம்புரோசோவுக்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தியவர். 1764 இல், 26 வயதில், மிலானில் இருந்துகொண்டு குற்றமும் தண்டனையும் பற்றி எழுதினார். தண்டனை கொடூரமாக இருப்பதால் யாரும் குற்றம் செய்யாமல் விடுவதில்லை. தப்ப முடியாது, தாமதமில்லாமல் வரும் என்று தெரிந்தால்தான் கை பின்வாங்கும் என்பது அவருடைய வாதம். இன்னொன்றும் சொல்கிறார்: வழக்கு சீக்கிரம் முடிந்தால், என்ன நடக்குமோ என்று தெரியாமல் கிடந்து தவிக்கும் வேதனை பிடிபட்டவனுக்கும் மிச்சம். எங்கள் வகுப்பில் இந்த இரண்டாவது பகுதியை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நான் குறிப்புக் கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

நானும் என் வகுப்புத் தோழியும் காலையிலேயே நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விட்டோம். திறந்த நீதிமன்றம், யாரும் போய் இருக்கலாம். கைபேசியை நிறுத்திவிட்டுப் பின்வாங்கில் அமைதியாக இருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

உள்ளே நடப்பதைவிட வெளி விறாந்தையில் நடப்பதுதான் படிப்பு என்று எனக்குப் படுகிறது. சிறைச்சாலை பஸ் வந்து நின்றதும் விறாந்தை முழுவதும் எழும்புகிறது. தாய்மார், மனைவிமார், இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் அக்காமார். இறங்கி உள்ளே போகும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். "சாப்பிட்டனியோ?" என்று ஒருவர் கத்துகிறார். பதில் வருவதற்குள் கதவு மூடிவிடுகிறது.

எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா வேலணையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். மகனைப் போதைப்பொருள் வழக்கில் பிடித்திருக்கிறார்கள். மடியில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் எட்டாய் மடித்த கொப்பித் தாள். தாளில் தவணைத் திகதிகள், அதாவது வழக்குக் கூப்பிடும் நாட்கள், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக. முடிந்த திகதிகளைப் பேனையால் வெட்டியிருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழியத் தொடங்கி, ஸ்டிக்கர் டேப் ஒட்டியிருந்தார்கள்.

அவருடைய மகனின் பெயரைக் கூப்பிட்டார்கள். பொலிஸ் அலுவலர் எழும்பி, பகுப்பாய்வு அறிக்கை இன்னும் கிடைக்கவில்லை என்றார். 25 ஆம் திகதிவரை விளக்கமறியல், தீர்ப்புக்கு முந்திய சிறை. அடுத்த பெயர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன பிள்ளை சொன்னவை?"

"25 ஆம் திகதி திரும்பத் தவணையாம், அம்மா."

"அறிக்கை வந்தால் விட்டிடுவினமோ?"

"அதிலை எவ்வளவு எண்டு வாறதைப் பொறுத்துத்தான், அம்மா."

"அவன் பாவிக்கிறவன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஒரு முடிவைச் சொல்லச் சொல்லுங்கோவன்."

அறிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிடிபடும் தூளில் எல்லாமே ஹெரோயின் இல்லை, கலப்படம். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பத்தரமுல்லையில் இருக்கிறது. பொட்டலம் அங்கே போய், அதில் சுத்தமான ஹெரோயின் எவ்வளவு என்று நிறுத்து எழுதி வரவேண்டும். அந்த எடைதான் எந்த நீதிமன்றம், என்ன தண்டனை என்பதைத் தீர்மானிக்கிறது. போதைப்பொருள் சட்டத்துக்கு 1984 இல் கொண்டுவந்த திருத்தம், 2 கிராம் ஹெரோயினும் அதற்கு மேலும் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்றது. 2022 இல் அதைத் திரும்பத் திருத்தி 'ஐஸ்' எனப்படும் மெத்தாம்பெட்டமினையும் சேர்த்தார்கள். சட்டத்தை இறுக்கிக்கொண்டே போகலாம். அதை எடை போட்டுச் சொல்ல வேண்டிய கடதாசி வந்து சேராவிட்டால், விறாந்தையில் இருப்பவருக்கு அந்த இறுக்கத்தால் என்ன பயன்?

2025 பெப்ரவரி 12, புதன்

போயா விடுமுறை. வீட்டில் இருந்து 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தை வாசித்தேன். தொடக்கத்திலேயே அடிப்படைக் கொள்கையை எழுதி வைத்திருக்கிறார்கள்: பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. விளக்கமறியலில் வைக்கக்கூடிய காலத்துக்கும் எல்லை உண்டு. பொதுவாக 12 மாதம், மேல் நீதிமன்றம் நீடித்தால் மொத்தம் 24 மாதம். ஆனால் கொலை, பாரிய போதைப்பொருள் வழக்கு, பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று வரும்போது கதவுகள் வேறு. 1979 இல் தற்காலிகமாக என்று கொண்டுவந்த அந்தத் தடைச் சட்டத்தால் வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்களை எங்கள் தலைமுறைக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீடு இருக்கிறது.

2025 பெப்ரவரி 15, சனி

இணக்க சபை, சிறு பிணக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கும் இடம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. இரண்டு தரப்பிடமும் சம்மதம் கேட்டுத்தான் எங்களை இருக்கவிட்டார்கள்.

வேலிச் சண்டை. வேறு என்ன, யாழ்ப்பாணம்தானே. கதியால் இரவோடிரவாக நகர்ந்துவிட்டது என்று தொடங்கி, கைகலப்பில் முடிந்து, பொலிசுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. மத்தியஸ்தர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போன்ற ஊர்ப் பெரியவர்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. அதனால் இருவரும் தங்கள் வாயாலேயே பேசினார்கள். அரை மணித்தியாலம் வேலியைப் பற்றியே பேசிய பெரியவர், திடீரென்று, "என்ரை மனிசியின்ரை செத்தவீட்டுக்கு இவன் வரேல்லை" என்றார். மற்றவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு எல்லைக் கல்லைப் பற்றிப் பேசி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

நோர்வேயின் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1977 இல் எழுதியது இதைத்தான். பிணக்கு அந்த இருவரின் சொத்து; சட்டத்தரணிகளும் அரசும் அதை அவர்கள் கையிலிருந்து பறித்துவிடுகிறார்கள் என்றார். நீதவான் நீதிமன்றத்தில் 'செத்தவீடு' என்ற சொல் பதிவாகியே இருக்காது.

ஆனால் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவர முடியாது. அடிக்கும் கணவனையும் அடிவாங்கும் மனைவியையும் ஒரே மேசையில் இருத்தி "சமாதானமாய்ப் போங்கோ" என்று சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதற்கு 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது இருப்பதே தெரியாத பெண்கள் இங்கே நிறையப் பேர்.

2025 பெப்ரவரி 20, வியாழன்

நேற்றிலிருந்து கம்பஸில் ஒரே பேச்சு. கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்துக்குள், நீதவான் முன்னிலையிலேயே, சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட பாதாள உலகக் குழுத் தலைவர் என்று சொல்லப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ என்பவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுட்டவர் சட்டத்தரணி வேடத்தில் வந்தவர். துப்பாக்கி, தாள்களை உள்ளே வெட்டிக் குடைந்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்டதாம்.

நூலகத்தில் என் முன்னால் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கிடந்தது. தடித்த அட்டை, ஓரம் பழுப்பேறிய தாள்கள், கொலைக்குத் தண்டனை சொல்லும் 296 ஆம் பிரிவு வரும் பக்கத்தில் யாரோ பென்சிலால் போட்ட கோடு. புத்தகத்தை விரித்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு பக்கம் வெட்டினால் ஒரு கைத்துப்பாக்கி அடங்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. மூடிவிட்டு வெளியே போய் ஒரு பிளேன் ரீ குடித்தேன்.

இனி ஒவ்வொரு நீதிமன்ற வாசலிலும் சோதனை கூடும். கூடத்தான் வேண்டும். ஆனால் "இப்பிடிப்பட்டவங்களுக்கு இதுதான் சரி" என்று கன்ரீனில் சிலர் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அரசின் காவலில் கை கட்டி நிற்கும் ஒருவரைக் காப்பாற்ற முடியாவிட்டால், நாளைக்குச் சாட்சி சொல்ல யார் கூண்டில் ஏறுவார்கள்? சாட்சி வராவிட்டால் வழக்கு விழும். வழக்கு விழுந்தால் வாளைத் தூக்கியவன் திரும்ப அதே சந்தியில் வந்து நிற்பான். இதை யாழ்ப்பாணத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2025 பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலில் கண்விழிப்பு. நடுச்சாமம் தாண்டியதும் தேவாரம் ஓய்ந்து கதை தொடங்கியது. நான் படிப்பது என்னவென்று கேட்டு, கதை புங்குடுதீவு மாணவியின் கொலைக்குப் போனது. 2015 மே மாதம். அப்போது நான் பள்ளிக்கூடச் சட்டையில். யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்த கூட்டம், கைதான நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், மூடிய கடைகள் எல்லாம் நினைவிருக்கிறது. 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. மேன்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

"இன்னும் தூக்கிலை போடேல்லையே!" என்றார் மாமி.

இலங்கையில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1976 இல் என்று சொன்னேன். அதற்குப் பிறகு தீர்ப்பு எழுதப்படும், நிறைவேற்றப்படாது. 2019 இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு பேருக்குக் கையெழுத்து வைத்தும் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் கேட்டேன்: "மாமி, உங்கடை பிள்ளை இருட்டினாப் பிறகு ரியூசன் முடிஞ்சு வரேக்கை எது அவளைக் காக்கும்? தூக்குக் கயிறோ, முறைப்பாடு குடுத்த அண்டைக்கே தேடிப் போற பொலிசோ?"

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டும் வேணும்" என்றார். நாலாம் சாமப் பூசை மணி அடித்தது. விவாதம் அங்கேயே நின்றது. அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை.

2025 மார்ச் 4, செவ்வாய்

ஆய்வுக்கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் பலர் வாள்வெட்டுக் குழுக்களை எடுத்திருக்கிறார்கள். தேவையான தலைப்புத்தான். ஆனால் பத்திரிகையில் குழுவின் பெயர் பெரிய எழுத்தில் வரும்போதே அதற்கு ஆள் சேர்கிறது என்பதையும் அவர்கள் எழுத வேண்டும். இன்னொருத்தி வெளிநாட்டு முகவர் மோசடியை எடுத்திருக்கிறாள். 1939 இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சதர்லாந்து, மதிப்புள்ளவர்கள் தங்கள் தொழில் வழியே செய்யும் 'கனவான்களின் குற்றம்' பற்றிப் பேசியதிலிருந்து தொடங்கப் போகிறாளாம். நல்ல தெரிவு. கனடா அனுப்புகிறேன் என்று காணி விற்ற காசை வாங்கிக்கொண்டு மறைந்தவனுக்கு எதிராக எந்த ஊரிலும் கூட்டம் கூடிக் கல்லெறிந்ததில்லை.

என்னுடையது விளக்கமறியல் தவணைகளும் குடும்பங்களும். ஒரு தவணைக்கு வந்துபோகும் செலவு, இழந்த நாட்கூலி, வீட்டில் யார் வருகிறார், நீதிமன்றத்தில் சொன்னது விளங்கியதா, விளங்காவிட்டால் யாரிடம் கேட்கிறார்கள். வழக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. அவர்கள் எனக்குச் சொல்லும் ஒரு சொல் நாளைக்கு வழக்கில் அவர்களுக்கே எதிராக வந்துவிடக் கூடாது.

மேற்பார்வையாளர் ஒரு மாற்றம் சொன்னார்: முறைப்பாட்டுக்காரரின் குடும்பங்களையும் சேர். அவர்களும் அதே விறாந்தையில்தான் காத்திருக்கிறார்கள், பெரும்பாலும் மற்றப் பக்க வாங்கில். சரியான திருத்தம். கேள்விக்கொத்தை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். துறைத் தலைவரின் கையெழுத்துக் கிடைத்ததும் அனுமதிக் கடிதத்தை நீதிமன்றப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும்.