பயிற்சி முடிந்த பிறகு: ஒரு பயிற்றுநரின் நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

விடுதலையாவோர் மீண்டும் குற்றத்தில் இறங்காமல் தடுக்க உதவும் இந்தப் பயிற்சியில், சிறை நல அலுவலர்களையும் நன்னடத்தை அலுவலர்களையும் ஒரே அறையில் அமர்த்த வேண்டும் என்ற கோரிக்கை இம்முறை நிறைவேறியது. ஒருவரை உள்ளே சந்திப்பவரும், வெளியே வந்தபின் அவரைச் சந்திப்பவரும் பரஸ்பரம் கோப்புகளைப் பார்ப்பதே அரிது. அதனால் மறுவாழ்வுத் திட்டம் இரண்டு அலுவலகங்களில் இரண்டு முறை தொடங்கி, எங்கும் முடியாமல் நின்றுவிடுகிறது.

“என்ன செய்தாலும் திரும்பி வருபவர் வரத்தான் செய்வார்” என்று மூத்த அலுவலர் ஒருவர் முதல் மணி நேரத்திலேயே சொன்னார். அது அவருடைய சலிப்பு மட்டுமல்ல. 1974இல் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன் அமெரிக்காவில் வெளியிட்ட கட்டுரை, சிறைச் சீர்திருத்தத் திட்டங்களால் பெரும்பாலும் பயனில்லை என்ற எண்ணத்தைப் பல நாடுகளில் பரப்பியது. 1979இல் அவரே அந்த முடிவைத் திருத்திக்கொண்டபோது, அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே. 1990இல் கனடாவின் உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸ், பான்டா முதலியோர் வேறு கேள்விகளை முன்வைத்தார்கள்: யாருக்கு, எதை, எப்படி? மறுகுற்ற இடர், அதாவது மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு, அதிகமுள்ளவருக்கு அதிக உழைப்பைத் தர வேண்டும், குற்றத்தோடு நேரடித் தொடர்புள்ள தேவைகளையே குறிவைக்க வேண்டும், அவர் கற்றுக்கொள்ளக்கூடிய முறையில் அதைச் செய்ய வேண்டும். சொல்வதற்கு எளிதான இந்த மூன்றையும் சேர்த்துக் கடைப்பிடிக்கும் அலுவலகங்கள் அரிது.

மார்ச் 5, புதன்

இன்று முழுவதும் இடர் மதிப்பீடு. கற்பனையான ஒரு கோப்பைக் கொடுத்து, தனித்தனியாக மதிப்பெண் இடச் சொன்னோம். முந்தைய குற்ற வரலாறு, வேலை, போதைப் பழக்கம் ஆகியவற்றில் அனைவரும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள். குற்றத்தை நியாயப்படுத்தும் மனப்போக்கிலும் கூட்டாளிகள் பற்றிய பகுதியிலும் மதிப்பெண்கள் சிதறின. அவையிரண்டும் மறுகுற்றத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையவை, கோப்பைப் புரட்டி மட்டும் கண்டறிய முடியாதவை. அவற்றுக்குப் பொறுமையாகப் பேசிக் கேட்டாக வேண்டும்.

குடும்ப உறவு, பொழுதைக் கழிக்கும் விதம், தன்னடக்கமின்மை போன்ற குணக்கூறுகள் ஆகியவற்றையும் சேர்த்தால் முக்கியக் காரணிகள் எட்டு. அவற்றில் கடந்தகால வரலாற்றை மாற்ற இயலாது, மற்ற ஏழும் மாறக்கூடியவை. தன்மதிப்புக் குறைவையும் மனப்பதற்றத்தையும் ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர் விடாமல் வாதிட்டார். அவற்றுக்கும் உதவி தேவைதான். ஆனால் அவற்றைச் சரிசெய்வதால் மட்டும் மறுகுற்றம் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்ற விளக்கம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அவர் வாதிட்டது வகுப்புக்கு நல்லதாகவே அமைந்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மதிப்பீட்டுப் படிவம் கோப்பின் ஒரு பக்கத்தில் இருக்க, அடுத்த பக்கத்துத் திட்டத்தில் ‘வேலை தேட வேண்டும், மது அருந்தக் கூடாது’ என்ற அதே வரிகள் எல்லாருக்கும் எழுதப்பட்டிருக்கும்.

மார்ச் 6, வியாழன்

விடுதலையை ஒட்டிய நாட்களைப் பற்றிய அமர்வு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வின்படி, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 12.7 மடங்கு அதிகமாக இருந்தது. அளவுக்கு மீறிய போதைப்பொருளே முதன்மைக் காரணம். உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்க, பழைய அளவை எடுப்பதே உயிரைப் பறிக்கிறது. வெளிவந்தவருடனான முதல் சந்திப்பை மாதக் கடைசிக்குத் தள்ளும் வழக்கத்தை இந்த எண் ஒன்றே கேள்விக்குள்ளாக்கப் போதும். அடையாள ஆவணம், தங்குமிடம், தொடர் மருந்து ஆகியவை விடுதலைக்கு முன்பே ஆயத்தமாக வேண்டும். கைதிகளை நடத்த வேண்டிய முறை பற்றிய ஐக்கிய நாடுகள் அவையின் மண்டேலா விதிகளும் விடுதலைக்குப் பிந்தைய வாழ்வைத் தண்டனையின் தொடக்கத்திலிருந்தே கருத்தில் கொள்ளச் சொல்கின்றன.

மார்ச் 7, வெள்ளி

ஊக்குவிப்பு நேர்காணல் ஒத்திகை: அறிவுரை சொல்லாமல், கேள்வி கேட்டும் செவிமடுத்தும் மாற்றத்துக்கான விருப்பத்தை அவரிடமிருந்தே வரவழைக்கும் உரையாடல் முறை. பங்கேற்றோர் மனநிறைவோடு கருத்துப் படிவம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படிவங்களை நான் நம்புவதில்லை. 2001இல் வெளியான மில்லர், மவுன்ட் இருவரின் சிறு ஆய்வில், இதே முறையில் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் திறன் பெரிதும் உயர்ந்ததாகச் சொன்னார்கள். ஒலிப்பதிவுகளில் தெரிந்த மாற்றமோ மிகக் குறைவு.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒப்புதலோடு பதிவு செய்யப்பட்ட உரையாடல்களை இன்று அலுவலர்களோடு சேர்ந்து கேட்டேன். ஒருவருடைய பதிவில் தொடக்கம் அருமை: திறந்த கேள்வி, கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல், அவசரமின்மை. பிறகு முகவரி, கையொப்பம், நிபந்தனைகள் என்று பேச்சு தடம் மாறியது. அந்த இளைஞர் பழைய நண்பர்களைப் பற்றித் தாமாகவே தொடங்கிய பேச்சு கேட்பாரின்றி நின்றுபோனது. பதிவை நிறுத்தி, “இந்த இடத்தில் என்ன கேட்டிருக்கலாம்?” என்றேன். விடை உடனே வந்தது. அறிவில் குறையில்லை, பழக்கம்தான் இழுக்கிறது.

கனடாவின் மானிடோபாவில் 2008இல் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தவர்களும் நிபந்தனைக் கண்காணிப்பே அதிக நேரத்தை எடுத்துக்கொள்வதைக் கண்டார்கள். அதிலிருந்து உருவான பயிற்சியில் மாதாந்தரக் கூட்டங்களும் பதிவுகள் மீதான கருத்தும் தொடர்ந்தன. 2011இல் வெளியான முடிவில், பயிற்சி பெற்ற அலுவலர்களின் பொறுப்பில் இருந்தோரின் ஈராண்டு மறுகுற்ற விகிதம் சுமார் 25 சதவீதம், மற்றவர்களுடையது 40. ஆய்வு சிறியது, இடையில் விலகிய அலுவலர்களும் உண்டு. இருந்தாலும் பயிற்சி என்ற சொல்லுக்குள் அந்தத் தொடர்ச்சியும் அடங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மே 8, வியாழன்

மேற்பார்வையாளர்களோடு கூட்டம். பதிவுகளைக் கேட்க நேரமில்லை என்கிறார்கள். பொய்யில்லை, ஆளுக்குக் குவிந்திருக்கும் கோப்புகள் அப்படி. ஆனால் அந்த நேரத்தைக் கண்டெடுக்கும் வழி முதல்நாள் பாடத்திலேயே இருக்கிறது. இடர் குறைந்தவர்களை அடிக்கடி வரவழைத்துத் தீவிரத் திட்டங்களில் சேர்த்தால், அவர்கள் வேலையையும் நல்ல உறவுகளையும் இழந்து, இடர் மிகுந்தவர்களோடு பழகி, மேலும் மோசமாகலாம். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், சிறைக்கும் வெளிவாழ்வுக்கும் இடையே தங்கவைக்கும் இடைநிலை விடுதிகளில் 2002இல் லோவன்காம்ப், லடெஸ்ஸா இருவரும் கண்டது இதுவே. எனவே இடர் குறைந்தோரின் சந்திப்புகளைக் குறைத்து, மிச்சமாகும் நேரத்தில் ஒவ்வோர் அலுவலருக்கும் மாதம் ஒரு பதிவையாவது கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஏதேனும் நேர்ந்துவிட்டால் யார் பொறுப்பு என்றார்கள். சந்திப்புகளைக் குறைக்கும் முடிவு மதிப்பெண்ணோடும் காரணத்தோடும் கோப்பில் பதிவாகி, மேலதிகாரியும் அதில் கையொப்பமிட்டால் அலுவலர் தனியே சிக்கமாட்டார். அதற்கான படிவத்தின் வரைவை வரும் திங்களன்று அனுப்ப ஒப்புக்கொண்டேன்.