ஆயிரம் மைலுக்கு முன்

நெடுந்தூர மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் அமைப்பான அயர்ன் பட் அசோசியேஷனின் 'சேடில்சோர் 1000' சவாலுக்குத் தயாராகி வருகிறேன்; அதில் 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,610 கிலோமீட்டர், ஓட்டி முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர்தான்; ஆகவே வேகக் குறைவைவிட, நின்று நின்று வீணாகும் நிமிடங்களே ஆளைக் கவிழ்த்துவிடும். ஓட்டியதற்குச் சான்று ரசீதுகள்தான் என்பதால், பெட்ரோல் போடும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரசீதில் இடமும் நேரமும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து, ஓடோமீட்டர் எண்ணை அதன்மேலேயே எழுதி, பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டும் பையான டேங்க் பேக்கில் ஒரே அறையில் போட்டுவைக்கும் பழக்கத்தை இப்போதே சிறு பயணங்களில் ஏற்படுத்திக்கொண்டு வருகிறேன். புது டயரையும் புதுச் சீட்டையும் கடைசி வாரத்தில் மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. செயினின் தொய்வையும் பிரேக் பேடுகளையும் சரிபார்த்தாயிற்று. மீதமிருப்பது தூக்கம்: காபியை நம்பாமல், முந்தைய இரவுகளில் முழுமையாகத் தூங்குவதென்றும், வழியில் கண் சொருகினால், சான்றிதழ் போனாலும் சரி, வண்டியை ஓரங்கட்டிவிடுவதென்றும் முடிவு செய்திருக்கிறேன்.