வேலைக்கு ஆட்கள் தேவை

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அங்க துப்பாக்கிச் சத்தம் கேக்குமா?" கேட்காது. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தை ஒட்டிய சபோபானில் இருக்கிறேன். காலையில் கேட்பதெல்லாம் கேஸ் சிலிண்டர் வண்டிக்காரரின் கூவல்தான். இந்திய ஐடி நிறுவனங்கள் சில இங்கே அலுவலகம் வைத்திருக்கின்றன. அமெரிக்கப் பகல் நேரத்தில் விழித்திருக்கிற ஆட்கள் வேண்டும், அமெரிக்கச் சம்பளம் கொடுக்கவும் கூடாது. அந்தக் கணக்கில் வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். வெயில் உண்டு, புளி உண்டு, கொத்தமல்லியும் மிளகாயும் மூலைக்கு மூலை உண்டு. கறிவேப்பிலைக்குத்தான் அலைய வேண்டும்.

வன்முறை இங்கே மின்கம்பத்தில் ஒட்டியிருக்கிறது. பஸ் நிறுத்தம், சுரங்கப்பாதைச் சுவர், பூங்கா வேலி என்று எங்கு பார்த்தாலும் காணாமல் போனவர்களின் படம் போட்ட தாள்கள். பெயர், வயது, உயரம், பச்சை குத்திய இடம், கடைசியாக உடுத்தியிருந்த சட்டை. பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பையன்கள். நகரின் நடுவே இளம் வீரர்களுக்காக எழுப்பிய பெரிய நினைவுத்தூண் ரவுண்டானா ஒன்று இருக்கிறது. குடும்பங்கள் அதன் அடிப்பாகம் முழுக்கப் படங்களை ஒட்டி அதைக் காணாமல் போனோர் ரவுண்டானா ஆக்கிவிட்டன. நாடு முழுக்கப் பதிவானவர்கள் 1,20,000-க்கும் மேல். எங்கள் ஹலிஸ்கோ மாநிலத்தில் மட்டும் 15,000-க்கும் மேல், வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. 2017-இலிருந்து கிளிநொச்சியில் பிள்ளைகளின் படத்தோடு சாலையோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நினைக்காமல் அந்த ரவுண்டானாவைக் கடக்க என்னால் முடிவதில்லை. அங்கே அவர்கள் அரசைப் பார்த்துக் கேட்கிறார்கள். இங்கே யாரைப் பார்த்துக் கேட்பது என்பதே தெளிவில்லை.

2025 மார்ச்சில் தெயுச்சித்லான் செய்தி வந்தது. குவாதலஹாராவுக்கு மேற்கே, கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர். வட்ட வட்டமான பழங்காலப் பிரமிடுகளைப் பார்க்க எல்லோரும் போவார்கள். அலுவலக நண்பர்களோடு நானும் போய்ப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அதே வட்டாரத்தில் இசகிர்ரே என்ற பண்ணைக்குள், காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களின் குழு ஒன்று மண்வெட்டியோடு நுழைந்தது. கருகிய எலும்புத் துண்டுகள், நூற்றுக்கணக்கான காலணிகள், முதுகுப்பைகள், துணிமணிகள். ஹலிஸ்கோ புதிய தலைமுறை கார்ட்டெல் என்ற போதைக் கடத்தல் கும்பல், பிடித்து வந்த இளைஞர்களுக்கு அடித்து உதைத்துப் பயிற்சி கொடுத்த முகாம் அது. எரிக்கும் உலைகள் இருந்தன என்று குழு சொன்னது. அதற்கு ஆதாரம் இல்லை என்று மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் பின்னால் சொன்னது. எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. 2024 செப்டம்பரிலேயே தேசியக் காவல் படை அங்கே புகுந்து பத்துப் பேரைக் கைது செய்திருக்கிறது. அதன் பிறகு மாதக்கணக்காக அதிகாரிகள் கண்ணில் படாதது, அம்மாக்கள் போனதும் கண்ணில் பட்டது. கிடைத்த பொருட்களைப் படம் எடுத்து மாநில அரசு இணையத்தில் போட்டது. ஒரு வாரம் அலுவலகத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரைத் தேடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே அப்படிக் கேட்பது வழக்கமில்லை.

அந்தப் பையன்கள் அங்கே எப்படிப் போனார்கள் என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. கட்டாயப்படுத்தித் தூக்கிப்போனவர்களும் உண்டு. ஆனால் பலர் வேலை விளம்பரம் பார்த்துப் போனவர்கள். சமூக வலைத்தளத்தில் 'செக்யூரிட்டி வேலை, வாரத்துக்கு 4,000 முதல் 12,000 பெசோ' என்று வரும். அந்த வருடம் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 278.80 பெசோ. பஸ் டிக்கெட் அனுப்புவார்கள், பஸ் நிலையத்தில் வந்து கூட்டிப்போவார்கள், போனை வாங்கிக்கொள்வார்கள். நானும் ஒரு வேலைக் கடிதத்தையும் விமான டிக்கெட்டையும் நம்பி, முன்பின் பார்க்காத ஒருவர் ஏர்போர்ட்டில் பெயர்ப் பலகையோடு நிற்பார் என்று வந்தவன்தான். என்னைக் கூட்டிப்போனது உண்மையிலேயே அலுவலகத்துக்கு.

அலுவலகம் என்றாலே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2023 மே மாதம் இதே சபோபானில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்த இளைஞர்கள் காணாமல் போனார்கள். உடல்கள் ஒரு பள்ளத்தாக்கில் பைகளில் கிடைத்தன. அமெரிக்க முதியவர்களிடம் அவர்களுடைய விடுமுறை விடுதிப் பங்குகளை விற்றுத் தருவதாகப் பேசிப் பணம் பறிக்கும் தொழில். பின்னால் இருந்தது கார்ட்டெல். ஹெட்செட், டார்கெட், ஷிஃப்ட் எல்லாம் நம்மிடம் இருப்பதுபோலத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கார்ட்டெலின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. CJNG என்ற அதன் சுருக்கப்பெயரை வைத்து 'நாலெழுத்துக்காரர்கள்' என்பார்கள், குரல் தானாகவே இறங்கிவிடும். பாடலில் மட்டும் தாராளமாகச் சொல்லலாம் போலிருக்கிறது. பண்ணைச் செய்தி வந்த அதே மார்ச் கடைசியில், சபோபானின் பெரிய அரங்கில் ஒரு கச்சேரியில் கார்ட்டெலின் அப்போதைய தலைவன் எல் மென்ச்சோவின் முகத்தைத் திரையில் காட்டினார்கள், கூட்டம் ஆரவாரம் செய்தது. சில நாட்களில் அந்த இசைக்குழுவினரின் விசாவை அமெரிக்கா ரத்து செய்தது. ஐடிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை தெரியாது. ஆனால் கைதட்டியவர்களும் அதே கம்பங்களைக் கடந்துதானே அரங்குக்கு வந்திருப்பார்கள்?

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். என்னை 'மிஹோ' என்பார், நம் ஊர் அம்மாக்கள் 'தம்பி' என்பதுபோல. இருட்டிய பிறகு வெளியூர்ச் சாலையில் போகாதே, போனாலும் சுங்கச் சாலையில் போ, யார் என்ன தொழில் செய்கிறார் என்று விசாரிக்காதே: எல்லாம் அவர் சொல்லித் தந்தது. அவருடைய பேரனுக்குப் பத்தொன்பது வயது. நேர்காணலுக்குப் போவதென்றால் விளம்பரத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட வேண்டும், லொக்கேஷனைத் திறந்து வைக்க வேண்டும், பஸ் நிலையத்தில் சந்திக்கலாம் என்று சொல்லும் வேலைக்குப் போகவே கூடாது. சம்பளம் நன்றாக இருந்தால் பாட்டிக்கு அன்று தூக்கம் போச்சு.

அவன் விண்ணப்பத்தை எங்கள் அலுவலகத்தில் கொடுத்துப் பார்த்தேன். ஆங்கிலம் போதாது, அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்றார்கள். சரி என்று சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து படிக்கிறான். இறந்தகாலம் இன்னும் தகராறுதான். ஹெல்ப் டெஸ்க்கில் தொடக்கச் சம்பளம் அந்த விளம்பரங்கள் சொல்வதில் பாதிகூட வராது என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பாட்டிக்கு அதுதான் ரொம்பப் பிடித்துப்போனது.