காலில் பூட்ஸா, செருப்பா?

காட்பாடியிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் குடிநீர்க் குழாய்க்காகச் சாலையோரம் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஈர மண். நாற்பது அடி முன்னாலேயே பைக்கை நிறுத்திவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "பெட்ரோல் தீந்துடுச்சாங்க?" என்றாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் டேங்க்கைத் திறந்து பார்ப்பதுபோல் நடிக்க வேண்டியிருந்தது.

அது லீவில் வந்திருந்த சமயம். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரனான நான் அப்போது காஷ்மீரில், தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தேன். வேலை ஆர்.ஓ.பி., அதாவது ரோட் ஓப்பனிங் பார்ட்டி. கான்வாய், அதாவது ராணுவ வண்டிகளின் வரிசை வருவதற்கு முன், இருட்டோடு இறங்கி, சாலையின் இரண்டு பக்கமும் வெடி வைத்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டே நடக்க வேண்டும். புதிதாகக் கிளறிய மண், நேற்று இல்லாத எண்ணெய் டின், சிறுபாலத்துக்கு அடியில் ஒரு சாக்கு, கேட்பாரற்றுக் கிடக்கும் குக்கர். எதைப் பார்த்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். எங்களுக்கு முன்னால் போன குழு ஒருநாள் ஒன்றைக் கவனிக்கத் தவறியது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

லீவு முடிந்து போன பிறகு, ஜவான்களின் மனநிலையைக் கவனித்துப் பேசுகிற பயிற்சிக்கு யூனிட்டில் ஆள் கேட்டார்கள். சுபேதார் சாப் என் பெயரைக் கொடுத்தார். ஏன் நான் என்று கேட்டேன். "நீ வாயைத் திறக்க மாட்டே தம்பி, அதான்."

ஒரு ராணுவ மருத்துவமனையில் வகுப்பு. எடுத்தவர் மனநல மருத்துவர், மேஜர் மேடம். பாதிப் பேர் பண்டிட்ஜி, மௌல்வி போன்ற மத ஆசிரியர்கள். ஜவான் மனக்குறையை முதலில் கொண்டுபோய்க் கொட்டுவது பெரும்பாலும் அவர்களிடம்தான். மீதிப் பேர் என்னைப் போன்ற நாயக், ஹவில்தார்கள்.

முதல் நாளே ஆளுக்கொரு தாள். உங்களை உலுக்குகிற விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மார்க் போடுங்கள் என்றார். நான் வெறும் தாளை மடித்து வைத்தேன். காரணம் கேட்டகிரி. பட்டாளத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தில் எழுதுவார்கள். அதில் முதல் எழுத்தான 'எஸ்' மனநலத்துக்கு. அதில் தகுதி குறைந்தால் பிரமோஷனுக்கு முட்டுக்கட்டை. ஊருக்குத் தெரிந்தால் வேறு பெயர் வைத்துவிடுவார்கள். எத்தனை பேர் தூக்கமில்லாமல் கிடந்தும் ரம்மை ஊற்றிச் சமாளிக்கிறார்கள் என்பது பாரக்கில் படுத்தவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் இன்றுவரை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன்.

மேடம் தாளைத் திருப்பிக் கேட்கவில்லை. "உங்க பையிலேயே இருக்கட்டும்" என்றார். அன்று ராத்திரி எழுதினேன். ஈர மண், எட்டு. குக்கர், ஏழு. விசில் சத்தமெல்லாம் ஒன்றும் செய்யாது; தனியாகக் கிடக்கும் குக்கர்தான் ஆகாது. பக்கத்துக் கட்டில் கட்வாலி நாயக் சியாச்சினில் இருந்தவர். அவர் எழுதியது மண்ணெண்ணெய் வாசனை. பட்டாசுச் சத்தம் இரண்டு பேர் தாளிலும் இல்லை.

அடுத்து மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணி இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது. காலையும் மாலையும், ஒரு பிரச்சினையும் இல்லாதபோது செய்யச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. "ரைஃபிள் ஸ்டக் ஆனா கை தானா காக் பண்ணுதே, அதைச் சண்டையிலயா கத்துக்கிட்டீங்க?" என்றார். சரி, சிரிப்பு நின்றது.

ஆனால் ஒரு சந்தேகம் எனக்கு விடவில்லை. ஈர மண்ணைப் பார்த்து நிற்பதுதான் என் வேலையே. அந்தப் பயத்தை இங்கே போக்கிவிட்டு, நாளைக்கு நான் எப்படி ரோட்டில் நடப்பது? வகுப்பில் கேட்டேவிட்டேன். போக்க வேண்டாம் என்றார். மூளையில் அமிக்டலா என்ற ஒரு பகுதி, யோசிக்கும் பகுதி முழித்துக்கொள்வதற்குள் அலாரம் அடித்துவிடும். அதற்கு ஊரும் தெரியாது, தேதியும் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். எப்படி? அங்கே இருந்ததில் இங்கே இல்லாததைத் தேடு. இங்கே இருப்பதில் அங்கே இல்லாததைத் தேடு. வாய்விட்டுச் சொல்.

இதைத் தாள் தாளாக எழுதிப் பழகினோம். என் பட்டியல்: அங்கே தோளில் ஏ.கே., இங்கே தோளில் பால் பை. அங்கே பனி, இங்கே முதுகில் வேர்வை. அங்கே பூட், இங்கே ரப்பர் செருப்பு. செருப்புதான் எனக்கு வேலை செய்தது. கால்விரலை அசைத்தாலே தெரிந்துவிடும்.

பிறகு கேம்ப்புக்குள் வெட்டியிருந்த ஒரு பள்ளத்தின் அருகே ஒரு கூட்டாளியோடு போய், படபடப்பு தானாக இறங்கும்வரை நிற்கச் செய்தார்கள். விலகி ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதிக்கொள்ளுமாம். மூன்றாம் நாள் எட்டு ஐந்தானது. அதற்குக் கீழே இறங்கவில்லை. இதை யாரும் தனியாக, மருத்துவர் இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம். அந்தக் கட்வாலி நாயக்குக்கு இது ஒத்துவரவில்லை, பாதியில் நிறுத்தித் தனி சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.

எங்கள் எல்லையையும் சொல்லித்தந்தார்கள். நீ டாக்டர் இல்லை. சாவதைப் பற்றிப் பேசுகிறவனிடம் அறிவுரை சொல்லாதே. ஆயுதத்தை வாங்கி வை, தனியே விடாதே, மருத்துவரிடம் கூட்டிப் போ. இப்போது ஓய்வு பெற்று ஊரில் இருக்கும் என்னிடம் யாராவது கேட்டால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைத்தான், அதாவது அரசின் மனநல உதவி எண்ணைத்தான் தருகிறேன். 2023 டிசம்பரில் படையினருக்காகப் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதற்கு ஒரு தனிப் பிரிவும் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் இது இல்லை.

அடுத்த லீவில் மனைவியிடம் பெட்ரோல் கதையின் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து அதே ரோடு. இந்த முறை கேபிளுக்குத் தோண்டியிருந்தார்கள். வண்டி நின்றது.

"காலில என்ன போட்டிருக்கீங்க?" என்றாள் பின்னாலிருந்து.

"செருப்பு."

"அப்ப எடுங்க வண்டிய. பால் திரிஞ்சிடும்."