நெருங்கிய வட்டாரங்கள்

காலையில் மஞ்சக்குப்பத்தில் டீ குடிக்கப் போனால், கிளாஸை நீட்டும்போதே மாஸ்டர், "தம்பி, தோனி இனிமே ஆட மாட்டாராமே?" என்கிறார். யார் சொன்னது என்றேன். போனைக் காட்டினார். 'நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன.' மேலிருந்து கீழ்வரை தேடியும் ஒரு ஆள் பெயர்கூட இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வட்டாரம் வட்டார வளர்ச்சி அலுவலகம்தான், அங்கே போய்க் கேட்டால் சொல்வார்களோ என்னவோ!

2020 ஆகஸ்ட் 15-இல் சர்வதேச ஓய்வை தோனியேதான் இன்ஸ்டாகிராமில் போட்டார்.

சரி, பெயர் இருந்தால் மட்டும் போதுமா? 2023 ஆகஸ்ட் 23-இல் ஜிம்பாப்வே கிரிக்கெட் முன்னாள் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டார் என்று ஹென்றி ஒலங்கா பதிவு போட்டார். கூடவே பந்து வீசிய ஆள், யார் சந்தேகப்படுவார்கள்? செய்தித் தளங்கள் வரிசையாக இரங்கல் எழுதின. 216 டெஸ்ட் விக்கெட் என்று கணக்கெல்லாம் போட்டு நானும் உருகினேன். சில மணி நேரத்தில் ஸ்ட்ரீக்கே ஒலங்காவுக்கு வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புகிறார்! அவுட் என்று போனவரைத் திரும்ப ஆட அழைப்பதுபோல, மூன்றாவது நடுவர் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார் என்று எழுதினார் ஒலங்கா. முதலில் சிரித்தேன். புற்றுநோயோடு இருந்தவர் தன் இரங்கல் செய்தியைத் தானே படித்திருப்பாரே என்று தோன்றியதும் என் பதிவைச் சத்தமில்லாமல் அழித்தேன்.

செப்டம்பர் 3-இல் உண்மையாகவே போய்விட்டார். அன்று ஸ்ட்ரீக் மனைவியின் பதிவைப் பார்த்த பிறகும் மத்தியானம் வரை நான் எதுவும் எழுதவில்லை.

இதையெல்லாம் மாஸ்டரிடம் சொல்லி முடித்தேன். "டீ ஆறிடுச்சு தம்பி, வேற போடட்டுமா?" என்றார்.